சுவரில் இருந்த இருபத்தாறு

என் அக்கா வீட்டுக்காரர் இருபத்தொன்பது வருடமாக ஒரே கட்டடத்துக்குக் குளிர் போட்டுக்கொண்டிருந்தார். பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிக் கட்டடம் அது. தரைத்தளத்தில் மருத்துவம், முதல் மாடியில் உயிரியல், இரண்டாவதில் பொறியியல், மூன்றாவதில் மொழி, வரலாறு, பழைய கையெழுத்துப் பிரதிகள். நான்கு தளத்திலும் கண்டுபிடிப்புக்குப் பஞ்சமில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை யாராவது எதையாவது கண்டுபிடித்துவிட்டு வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அப்படி ஒரு படத்தில் ஓரமாக ஏணி தூக்கிக்கொண்டு போகிறவரின் பாதி முதுகு தெரியும். அதுதான் மச்சான்.

நான் அங்கே ஸ்டோர் கீப்பர். பின்பக்கப் படிக்கட்டுக்கு அடியில் என் ஸ்டோர், எதிரே குளிர் இயந்திரங்கள் ஓடும் அவருடைய பிளான்ட் ரூம். நடுவில் நாலடி. கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் 'ஏசிக்காரர்'. பத்தொன்பது வயதில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடையில் தொடங்கியவர். தற்காலிகமாக உள்ளே வந்து ஒன்பது வருடம் தற்காலிகமாகவே இருந்து, பிறகு நிரந்தரமானார். ஓர் அறைக்குள் நுழைந்து புறங்கையைக் காற்றில் நீட்டினால் போதும், 'இருபத்தி நாலு' என்பார். மீட்டர் வைத்துப் பார்த்தால் இருபத்து நாலாகவே இருக்கும். வீட்டில் மட்டும் ஃபேன் ரெகுலேட்டர் மூன்று மாதமாக இரண்டிலேயே நின்றுபோய்க் கிடக்கும். "ஊருக்கெல்லாம் குளிர் போடறாரு, நமக்கு விசிறிதான்" என்று அக்கா அட்டையை எடுத்து வீசிக்கொள்வாள்.

வேலையில் தங்கம். ஆனால் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதிரில் இருப்பவர் முகம் கோணினால் அவருக்குத் தாங்காது. வாய்க்கு வந்த ஒரு சமாதானத்தைச் சொல்லி அனுப்பிவிடுவார். 'ஆயிடும்', 'பார்த்துடலாம்', 'அது அப்படித்தாங்க' என்ற மூன்றை வைத்துக்கொண்டே இத்தனை வருடம் ஓட்டினார். நான் மட்டும் என்ன யோக்கியம்? எனக்கு அந்த மூன்றுகூடத் தேவைப்பட்டதில்லை. 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

பத்து வருடத்துக்கு முன்னால் நடந்ததை முதலில் சொல்ல வேண்டும். ஒவ்வோர் அறையிலும் சுவரில் ஒரு சின்னப் பெட்டி. அதில் பச்சையாக ஓர் எண் எரியும். பொத்தானை அழுத்தி எண்ணை மாற்றினால், மேலே காற்றுக் குழாய்க்குள் இருக்கும் ஒரு தகட்டைக் குட்டி மோட்டார் ஒன்று திருப்பும். அறைக்கு வரும் குளிர்காற்று கூடும், குறையும். அந்தத் தகட்டுக்கு டேம்பர் என்று பேர். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். நான்கு தளத்திலும் படித்தவர்கள் இருந்ததுதான் கோளாறு.

மருத்துவத்துக்காரர் பதினெட்டு வைப்பார். அவர் வைத்தது தெரிந்ததும் பொறியியல்காரர் பதினேழு வைப்பார். மூன்றாம் மாடியில் வரலாற்றுப் பேராசிரியை சால்வையைப் போர்த்திக்கொண்டு மச்சானுக்குப் போன் போட்டு, "இது ஆராய்ச்சிக் கூடமா, பிணவறையா?" என்பார். டேம்பர் எல்லாம் ஆளாளுக்குத் திறந்து கிடக்க, பிளான்ட் தாங்காமல் ஒரே கோடையில் கம்ப்ரசர் இரண்டு முறை எரிந்தது. கட்டடப் பராமரிப்பைப் பார்த்த, அப்போதிருந்த எஸ்டேட் இன்ஜினியர் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவர் மாதிரி ஓடிவந்தார்.

"எல்லா ரூம்லயும் மோட்டார் ஒயரைக் கழட்டிடுங்க. டேம்பரைப் பாதியில நிறுத்திடுங்க. சுவத்துல பெட்டி பாட்டுக்கு எரியட்டும். யார்கிட்டயும் சொல்ல வேணாம்."

"ஒரு பேப்பர்ல குடுத்துட்டீங்கன்னா..." என்று மச்சான் இழுத்தார்.

"இதுக்கெல்லாம் பேப்பரா? நான் சொல்றேன்ல?"

அறுபத்து மூன்று அறை. நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மச்சான் எல்லாவற்றையும் கழற்றினார். மறுவாரமே புகார் மூன்றில் ஒன்றாகக் குறைந்தது. வரலாற்றுப் பேராசிரியை பொத்தானை அழுத்தி இருபத்தைந்து வைத்தார். ஐந்து நிமிடத்தில் சால்வையை எடுத்து நாற்காலியில் போட்டார். "இப்பத்தான் மனுஷங்க இருக்கற இடம் மாதிரி இருக்கு" என்றார். இதை மச்சான் என் ஸ்டோரில் வந்து நடித்துக் காட்டியபோது நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அந்த இன்ஜினியர் அடுத்த வருடமே வேறு வேலைக்குப் போய்விட்டார். பெட்டிகள் எரிந்துகொண்டிருந்தன. யார் எந்த எண்ணை வைக்கிறார்களோ அந்த எண் எரியும். அறை உண்மையில் எப்படி இருக்கும் என்றால், அன்றைய வானம் எப்படியோ அப்படி. மழை நாளில் இருபது, வெயில் நாளில் மதியம் இருபத்தெட்டு. ஆட்களுக்குக் குளிர் போடுவது நம் வேலை, ஆராய்ச்சிக்கு அவர்களே பெட்டியும் அலமாரியும் வைத்திருக்கிறார்கள் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். சுவரில் எரியும் எண்ணைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்வார்கள் என்று யார் கண்டது?

டீச்சர் வந்தது ஒயர் கழற்றி நாலு வருடம் கழித்து. பதினாறு வருடம் பள்ளிக்கூடத்தில் உயிரியல் சொல்லிக்கொடுத்தவர், நாற்பது தாண்டி, நீண்ட விடுப்பு போட்டுவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தார். முதல் நாளே ஸ்டோருக்கு வந்து, தனக்குக் கொடுத்த ஆறு குப்பியையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, விரிசல் விட்ட ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார். "இது உதவாதுங்க, வேற குடுங்க" என்று அவர் சொன்ன தோரணையில் எனக்கு என் பழைய வகுப்பாசிரியை ஞாபகம் வந்துவிட்டது. அன்று நான் வைத்த பேர்தான் டீச்சர். கட்டடம் முழுக்க அது நின்றுவிட்டது.

தானியக் கிடங்குகளில் விழுகிற செந்நிற வண்டு ஒன்று இருக்கிறது. எந்த வெப்பத்தில் அதன் முட்டை எத்தனை நாளில் பொரிகிறது என்று ஓர் அட்டவணை போடுவதுதான் அவர் வேலை. நாள் தெரிந்தால், அடுத்த தலைமுறை கிளம்புவதற்குள் கிடங்கைச் சுத்தம் பண்ணிவிடலாம், மருந்து அடிக்க வேண்டியதில்லை. இதற்கென்று இருந்த இரண்டு வெப்ப அலமாரிகளில் ஒன்று பழுது, இன்னொன்றை அவருடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய கைடு தன் வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார். "ரூமையே இருபத்தாறுல வெச்சு முதல் பகுதியை முடிங்க. அதான் சுவத்துல கன்ட்ரோல் இருக்கே" என்றார் கைடு.

டீச்சர் இருபத்தாறு வைத்தார். மயிரிழை போன்ற தூரிகையால் மாவிலிருந்து முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குப்பிகளில் போட்டு, லென்ஸ் வைத்து எண்ணுவார். நோட்டில் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தேதி, குப்பி எண், அறை வெப்பம் 26. ஐந்து வருடத்தில் அந்த இருபத்தாறு ஒரு நாள்கூட மாறவில்லை. எப்படி மாறும்?

முட்டைகள்தான் மாறின. ஒரு தொகுதி ஐந்து நாளில் பொரியும். அடுத்தது எட்டு நாள் எடுக்கும். மூன்றாவது ஆறு. டீச்சர் மாவை மாற்றினார், வண்டை மாற்றினார், குப்பியை வெந்நீரில் கழுவிக் கழுவிக் கை தோல் உரிந்தது. கைடு வாரா வாரம் நோட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். ஒருநாள் வராந்தாவில் நாலு பேர் நிற்கும்போதே, "முட்டைக்கு நாள் தெரியும்மா, உங்களுக்குத்தான் எண்ணத் தெரியலை" என்றார். அந்த நாலு பேரும் சிரித்தார்கள்.

வெப்பத்தைப் பதிவு பண்ணுகிற தனிக் கருவி ஒன்று வேண்டும் என்று டீச்சர் ஸ்டோருக்கு எழுதிக் கொடுத்தார். 'அறையில் ஏற்கெனவே கருவி உள்ளது' என்று நான் அடித்துத் திருப்பி அனுப்பினேன். அந்தப் பெட்டி எதிலும் சேரவில்லை என்று தெரிந்துகொண்டே எழுதினேன் என்று சொல்லமாட்டேன். எழுதும்போது அது மனதில் படவே இல்லை. யோசித்துப் பார்த்தால் அது இன்னும் கேவலம்.

நாலாவது வருடம் அவர் கடைத்தெருவில் சாதாரணத் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவந்து சுவரில் மாட்டினார். அது இருபத்து மூன்று காட்டியது. "யுனிவர்சிட்டி வாங்கினது பொய் சொல்லுமாம், பிளாட்பாரத்துல வாங்கினது நிஜம் சொல்லுமாம்" என்று கைடு நக்கலடித்துவிட்டுப் போனார். டீச்சர் அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நேராகப் பிளான்ட் ரூமுக்கு வந்தார். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, உங்களுக்குத்தான் தெரியும். பெட்டி இருபத்தாறுங்குது, இது இருபத்து மூணுங்குது. எது சரி?"

மச்சான் புறங்கையைத் துணியில் துடைத்தார். என்னை ஒருமுறை பார்த்தார்.

"வெளிய வாங்கறது அப்படித்தாங்க டீச்சர். ரெண்டு மூணு டிகிரி முன்னபின்ன காட்டும்."

"நிச்சயமா?"

"ஆமாங்க."

டீச்சர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. ஏசிக்காரரே சொல்லிவிட்டார், இனி என்ன? தெர்மாமீட்டரை அங்கேயே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு மாடி ஏறினார்.

அன்று மச்சான் டீயைத் தொடவில்லை. "அந்த அம்மா பெட்டியைப் பார்த்து நோட்டுல எழுதறாங்க மாப்ள" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

"விடுங்க மச்சான். ஒயர் கழட்டின விஷயம் வெளிய வந்தா உங்க தலைதான் உருளும். கையில பேப்பர் இருக்கா உங்களுக்கு?" என்று நான்தான் வாயை அடைத்தேன்.

சொல்லத்தான் தைரியம் இல்லையே தவிர, மனுஷர் சும்மா இருக்கவில்லை. டீச்சரின் 114-ஆம் அறைக்கு மட்டும் ஒயரை மறுபடி கொடுத்துப் பார்த்தார். எட்டு வருடம் அசையாமல் கிடந்த மோட்டார், செத்துப் போயிருந்தது. புது மோட்டார் கேட்டு எழுதினார். கிணற்றில் போட்ட கல். மறுபடி எழுதினார். ஏழாவது மாதம் பதில் வந்தது: 'அறை 114-இல் கட்டுப்பாட்டுக் கருவி நல்ல நிலையில் எரிகிறது. மாற்றம் தேவையில்லை.' யாரோ மாடி ஏறிப்போய்ப் பச்சை எண்ணைப் பார்த்துவிட்டு வந்து எழுதியிருக்கிறார்கள். மச்சான் அந்தக் காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஏணியைத் தூக்கினார்.

அப்புறம் அவர் செய்ததை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஏழு என்று தினம் நாலு வேளை, 114-க்கு வெளியே வராந்தாவில் ஏணி போட்டு, கூரைப் பலகையைத் தள்ளி, டேம்பரின் கம்பியைக் கையால் திருப்பினார். உள்ளே வரும் காற்றில் புறங்கையை நீட்டிப் பார்ப்பார், தன் சொந்த மீட்டரில் சரிபார்ப்பார், அரை விரல் தள்ளுவார். மோட்டார் செய்ய வேண்டியதை ஐம்பத்தேழு வயது மனுஷர் செய்தார். ஞாயிற்றுக்கிழமையும் போனார். அக்கா, "அந்தக் கட்டடத்துலயே பாய் போட்டுப் படுத்துக்குங்களேன்" என்றாள்.

"என்னண்ணே, தினமும் ஏணி மேல?" என்று டீச்சர் கேட்டதற்கு, "ஒரு சத்தம் வருதுங்க, பார்க்கறேன்" என்றாராம். உண்மையைச் சொல்ல அது நல்ல சந்தர்ப்பம். விட்டுவிட்டார்.

முதல் தொகுதி ஆறு நாள். இரண்டாவது ஆறு நாள். மூன்றாவதும் ஆறு. எட்டு வாரம், எட்டுத் தொகுதி, எல்லாம் ஆறு நாள். டீச்சர் ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு கீழே வந்து எங்கள் இருவருக்கும் பிரித்து வைத்தார். "முட்டைக்கெல்லாம் புத்தி வந்திருச்சு அண்ணே!" என்றார். ஐந்து வருடத்தில் அவர் சத்தமாகச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அவர் போன பிறகு மச்சான் ஒரு பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஏணி ஏறி இறங்கியதில் அவருக்குக் குடலிறக்கம் முற்றிவிட்டது. ஆபரேஷன், பன்னிரண்டு நாள் ஓய்வு. ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று காலைகூட என்னைக் கூட்டிப்போய்க் கம்பியைக் காட்டினார்.

"நாலு வேளை மாப்ள. மறந்துடாத."

"நான் பார்த்துக்கறேன் மச்சான், நீங்க நிம்மதியா போங்க."

இரண்டு நாள் செய்தேன். மூன்றாம் நாள் ஸ்டோரில் வருடாந்தரச் சரக்குக் கணக்கெடுப்பு. ஏணியில் ஏறினால் எனக்குத் தலை சுற்றும் என்பது ஒரு காரணம். ஒரு வண்டு முட்டைக்காக நான் ஏறுவதா என்கிற கொழுப்பு இன்னொரு காரணம். அந்த வாரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. ஒன்பதாவது தொகுதி பொரிய ஒன்பது நாள் ஆனது. டீச்சர் அதை அப்படியே ஒன்பது என்று நோட்டில் எழுதினார். பொய்யாக ஆறு என்று எழுதியிருந்தால் பட்டம் வாங்கியிருப்பார்.

கைடு நோட்டை மேசையில் வீசினாராம். "அஞ்சு வருஷமா ஒண்ணும் சரியா வரலை. திடீர்னு எட்டுத் தடவை நூல் பிடிச்ச மாதிரி வருது. மறுபடி ஒன்பது நாள். இது முட்டை சொன்ன கணக்கா, நீங்களா எழுதின கணக்கா?"

எழுதியதே பொய் என்று ஒரு பேச்சு கிளம்பினால் ஆராய்ச்சியில் அதைவிடப் பெரிய பழி வேறில்லை. விசாரணைக் குழு போட்டார்கள். அதோடு அவருக்கு விடுப்பும் முடியப் போகிறது, இனி நீட்டிப்பு கொடுத்தால்தான் உண்டு.

நான் வீட்டுக்குப் போய் மச்சானிடம் சொன்னேன். தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். "நீ ஏறலையா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.  அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ரிட்டயர் ஆக ஒரு வருஷம்கூட இல்ல. இப்பப் போய் வாயைத் திறக்காதீங்க" என்றேன் நான். அடுப்படியிலிருந்து அக்கா வந்தாள். முழுக் கதையும் அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தாள், அவரை ஒரு பார்வை பார்த்தாள். "ரெண்டு ஆம்பளைங்க சேர்ந்து ஒரு பொம்பளையைப் பைத்தியக்காரி ஆக்கிட்டீங்க. போய்ச் சொல்லிட்டு வாங்க. இல்லைன்னா இந்த வீட்டுல சோறு கேக்காதீங்க" என்றாள்.

விசாரணை அன்று மச்சானை நான் கைத்தாங்கலாக மாடிக்கு அழைத்துப் போனேன். டீச்சரை முதலிலேயே கூப்பிட்டுக் கேட்டு, அனுப்பிவிட்டிருந்தார்கள். உள்ளே நடுவில் டீன். மருத்துவத்துறைத் தலைவர், பொறியியல்துறைத் தலைவர், வரலாற்றுப் பேராசிரியை. ஓரத்தில் கைடு. மச்சான் நின்றபடியே சொன்னார். பெட்டி, ஒயர், டேம்பர், தெர்மாமீட்டர், தான் சொன்ன பொய், ஏணி, ஆபரேஷன். என் பெயரை மட்டும் சொல்லவில்லை. 'வேற ஆள் கிடைக்கலை' என்று முடித்துவிட்டார்.

"அந்த ஒரு ரூம்ல மட்டும்தானே ஒயர் இல்ல?" என்றார் மருத்துவத்துறைத் தலைவர்.

"எல்லா ரூம்லயும் சார். அறுபத்து மூணு. பத்து வருஷமா."

 மருத்துவத்துறைத் தலைவர் பேனாவை மூடினார். அவர் தளத்தில் முந்நூறு பேருக்கு ரத்த அழுத்தம் பார்த்து வெளியிட்ட ஆராய்ச்சி, 'இருபத்திரண்டு டிகிரி அறையில்' என்றுதான் தொடங்குகிறது. பொறியியலில் பேட்டரி சோதித்தது 'இருபத்தைந்தில்'. மூன்றாம் மாடியில் பழைய காகிதங்களை 'பத்து வருடம் சீராக இருபதில்' பாதுகாத்ததாக ஓர் அறிக்கையே உண்டு. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்த ஐந்து முகமும் ஒரே மாதிரி இறுகியதுதான்.

மச்சான் சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். "நாலே ஸ்க்ரூ சார். இந்த ரூம்ல இருக்கறதையே கழட்டிக் காட்டறேன். உள்ள ஒயர் தொங்கறதை நீங்களே பாருங்க."

"யுனிவர்சிட்டி சொத்து அது. எழுத்துல அனுமதி இல்லாம யாரும் கழட்டக் கூடாது" என்றார் டீன்.

"அப்ப எப்படி சார் காட்டறது?"

"கழட்டாமலே பார்க்கலாம்" என்று டீன் எழுந்துபோய்ச் சுவர்ப் பெட்டியின் பொத்தானை அழுத்தினார். இருபத்து நாலு, இருபத்திரண்டு, பதினெட்டு. பச்சை எண் அழகாக மாறியது. "மாறுதே? வேலை செய்யுதே?"

"எண்ணுதான் சார் மாறுது!" என்றார் மச்சான். "காத்து மாறலை. கையை வெச்சுப் பாருங்க. யாராவது ஒருத்தர் வந்து கையை வெச்சுப் பாருங்க சார்."

யாரும் எழுந்திருக்கவில்லை. இரண்டு நிமிடம் போயிருக்கும். வரலாற்றுப் பேராசிரியை சால்வையை இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொண்டு, "டீன், கொஞ்சம் கூட்டி வைங்களேன். ரொம்பக் குளிருது" என்றார். பொறியியல்துறைத் தலைவர் மட்டும் தலையைக் குனிந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு நன்றாகப் புரிந்துவிட்டது என்று இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன்.

பத்து நாளில் உத்தரவு வந்தது. 'கருவிகள் குழுவின் முன்னிலையில் சோதிக்கப்பட்டு, நன்கு இயங்குவது உறுதி செய்யப்பட்டது.' டீச்சர்மேல் குற்றம் எதுவும் நிரூபணமாகவில்லை. ஆனால் முடிவுகளில் ஒழுங்கு இல்லாததால் நீட்டிப்பும் இல்லை. நோட்டுகள் துறையின் சொத்து என்பதால் கைடு வாங்கி வைத்துக்கொண்டார். மச்சானுக்கு ஒரு மெமோ: இது பற்றி யாரிடமும், குறிப்பாக அந்த ஆராய்ச்சியாளரிடம், பேசினால் ஓய்வுக்காலப் பலன்கள் நிறுத்தப்படும். டீச்சரைப் பார்க்க அவர் இரண்டு முறை 114-க்குப் போனார். பூட்டியிருந்தது. மூன்றாவது முறை போகவில்லை. தான் செய்த குற்றத்தை மற்றவர்களை ஏற்றுக்கொள்ள வைக்க ஒரு மனுஷன் இவ்வளவு மன்றாடி, அதிலும் தோற்றதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எட்டு மாதம் கழித்து 'இந்த ஆண்டின் ஆராய்ச்சிகள்' என்ற மலர் பளபளவென்று அச்சாகி, நானூறு பிரதி என் ஸ்டோரில் வந்து இறங்கியது. மருத்துவம், உயிரியல், பொறியியல், மனிதவியல் என்று நாலு பகுதி. பதினோராம் பக்கத்தில் வண்டு. கைடு பெயரும் புதிதாகச் சேர்ந்த யாரோ ஒருவர் பெயரும். எட்டுத் தொகுதிகளிலும் முட்டை பொரிய ஆறு நாள். 'அறை வெப்பம் தானியங்கிக் கருவியால் 26 டிகிரியில் சீராக வைக்கப்பட்டது.' மச்சான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரல் வைத்துப் படித்தார்.

"டீச்சர் பேரு எங்க மாப்ள?"

"இல்ல மச்சான்."

அவர் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார், அட்டைக்குப் பின்னாலும் பார்த்தார்.

அதே வாரம் கைடு பிளான்ட் ரூமுக்கு வந்தார். மாடியை விட்டு அவர் கீழே இறங்கி நான் பார்த்ததே இல்லை. ஏதோ வெளிநாட்டு இதழில் அந்த ஆராய்ச்சியைப் போடுவதற்கு, சோதனையை மறுபடி செய்து காட்டச் சொல்லியிருக்கிறார்களாம். எதிரே ஸ்டோரில் நான் இருப்பதை அவர் கண்டுகொள்ளவில்லை.

"அந்த ரெண்டு மாசம் ஏதோ பண்ணீங்களே, ஏணி போட்டு. அதே மாதிரி இன்னும் ரெண்டு மாசம் பண்ணிக் குடுங்க. ரிட்டயர்மென்ட் விஷயம் எல்லாம் தடையில்லாம நடக்க நான் பார்த்துக்கறேன்."

மச்சான் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். "அப்ப உங்களுக்குத் தெரியுமா சார்? அந்த அம்மா எழுதினது நிஜம்னு?"

"அது முடிஞ்ச விஷயம்."

"அவங்க பேரைப் போடுங்க. நாலு வேளை என்ன, எட்டு வேளை ஏறறேன்."

"பேர் போடறது எல்லாம் உங்களுக்குப் புரியாது."

"அப்ப கம்பி மேல இருக்கு, ஏணி அந்த மூலையில இருக்கு" என்றார் மச்சான். "நீங்களே திருப்பிக்குங்க சார்."

இருபத்தொன்பது வருடத்தில் அவர் ஒருவர் முகத்தைப் பார்த்து மறுத்துப் பேசியதை அன்றுதான் கேட்டேன்.

மறுநாள் டீச்சர் திரும்பிப் போயிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போனோம். மெமோவில் சொன்னபடி பலன் போனால் போகட்டும் என்றார் மச்சான். டீச்சர் ஆசிரியர் அறையில் விடைத்தாள் கட்டோடு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, தாள்களை எண்ணினார். மறுபடி எண்ணினார். மூன்றாவது முறையும் எண்ணிவிட்டு, பக்கத்து மேசை ஆசிரியையிடம் நீட்டினார். "நாப்பத்தொண்ணான்னு கொஞ்சம் பாருங்களேன்." அந்த அம்மா, "தினமும் இதே வேலையா உங்களுக்கு? நாப்பத்தொண்ணுதான்" என்று சிரித்தபடி திருப்பிக் கொடுத்தார். 

மச்சான் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, ஒயரைக் கழற்றிய ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நேற்று கைடு வந்தது வரை சொன்னார். இந்தத் தடவை என்னையும் விடவில்லை. டீச்சர் சிவப்புப் பேனாவின் மூடியை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார்.

"அப்ப நான் எண்ணினது?"

"ஒண்ணுகூடத் தப்பில்லைங்க டீச்சர். அஞ்சு வருஷமும் சரி. ரூம்தான் தப்பு. எங்க வேணா வந்து சொல்றேன், எழுதியும் தர்றேன்."

"இப்ப எழுதி?" என்றார் டீச்சர். குரல் உயரவில்லை. "அந்தத் தெர்மாமீட்டரைக் கையில வெச்சுக்கிட்டு உங்க முன்னாடி வந்து நின்னேன் அண்ணே. நிச்சயமான்னு கேட்டேன்."

டீச்சர் பேனாவை மேசையில் வைத்தார்.

"உங்களுக்குத் தெரியும். இவருக்குத் தெரியும். கைடுக்குத் தெரியும். அந்தக் கூட்டத்துல உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியலை. ஆராய்ச்சி பண்ணிட்டிருந்தது நான்."

மணி அடித்தது. டீச்சர் விடைத்தாள் கட்டை எடுத்துக்கொண்டு, எங்களைப் போகச் சொல்லாமல், இருக்கவும் சொல்லாமல், வகுப்புக்குப் போய்விட்டார்.